பழைய பெயிண்டை வாட்டர் சர்வீஸ் மெஷினால் உரிக்கலாமா?

காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்கள் வீட்டின் முன்கட்டு அப்பா 1998-ல் கட்டியது. செங்கல் சுவர், சிமெண்ட் பூச்சு. பின்கட்டு தாத்தா காலத்துக் கல் சுவர், மண் வைத்துக் கட்டிச் சுண்ணாம்பு பூசியது. இரண்டுக்கும் பிற்பாடு எமல்ஷன் அடித்தோம். இப்போது மேற்குப் பக்கம் பொரிந்து உரிகிறது. தை மாதம் தங்கை கல்யாணம். சுரண்டுவதற்கே நாலு ஆள் கூலி ஆகும் என்கிறார் பெயிண்டர். மைத்துனர் வாட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார், மெஷின் தருகிறேன் என்கிறார். அதை வைத்து மொத்தப் பெயிண்டையும் எடுத்துவிடலாமா?"

முன்கட்டுக்கு மெஷின் போடுங்கள். மொத்தப் பெயிண்டையும் எடுக்கும் எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பின்கட்டுப் பக்கம் மெஷினைக் கொண்டே போகாதீர்கள்.

வேகமாக வரும் தண்ணீர், சுவரை விட்டுக் கழன்று நிற்கிற பெயிண்டின் ஓரத்தில் புகுந்து அதைத் தூக்கி எறியும். பாசி, தூசி, வெயிலில் மாவாகிப்போன மேல்பூச்சு எல்லாவற்றையும் அருமையாகக் கழுவித் தள்ளும். நன்றாகப் பிடித்திருக்கிற எமல்ஷனில் புகுவதற்கு அதற்கு ஓரம் கிடைக்காது. விடாமல் கிட்டே வைத்து அடித்தால் பெயிண்டுக்கு முன்னால் சிமெண்ட் பூச்சுதான் குழி விழும். பிறகு கொத்தனாரைக் கூப்பிட்டு ஒட்டு வேலை, அதற்குமேல் பட்டி என்று, மிச்சம் பிடித்த கூலிக்கு மேல் செலவாகும். பிடித்திருக்கும் பெயிண்டை எடுக்கத் தேவையும் இல்லை. கழுவிக் காய்ந்தபின் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அதன் மேலேயே புதுப் பெயிண்ட் நிற்கும்.

எது பிடித்திருக்கிறது, எது விட்டுவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? சுவரில் உள்ளங்கையை வைத்து அழுத்தித் தேயுங்கள். கையில் மாவு ஒட்டினால் அது கழுவ வேண்டிய சுவர். பிறகு பிளேடால் பெருக்கல் குறி போலக் கீறி, அதன் மேல் செலோடேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். டேப்போடு பெயிண்ட் பெயர்ந்து வந்தால் அந்த இடத்தில் பிடிப்பு இல்லை. கடைசியாக, விரல் மூட்டால் சுவரைத் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று உள்ளே காலியாகக் கேட்டால் பூச்சே செங்கல்லை விட்டுப் பிரிந்திருக்கிறது. அங்கே மெஷினைக் காட்டினால் பூச்சு பலகையாகக் கழன்று விழும். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்து, முதலில் கொத்தனாரிடம் காட்டுங்கள்.

வீட்டுக்கு வாங்கும் சின்ன மெஷின்கள் பெரும்பாலும் 100 முதல் 130 பார் வரை அழுத்தம் தரும். 100 பார் என்றால் சுமார் 1,450 பி.எஸ்.ஐ. சர்வீஸ் கடை பம்ப் அதைவிட வலுவாகத் தண்ணீர் தள்ளக்கூடியது. மைத்துனரிடம் சொல்லி அழுத்தத்தை 80 பார் அளவுக்குக் குறைத்து வைத்து ஆரம்பியுங்கள். நாசில் நிறத்தைப் பார்த்து மாட்டும் மெஷினாக இருந்தால் வெள்ளை நாசில், அதாவது 40 டிகிரிக்கு விசிறி போல விரிவது. அது போதாத இடத்தில் மட்டும் பச்சை, 25 டிகிரி. ஊசி போல ஒரே கோடாக அடிக்கும் சிவப்பு நாசிலைப் பெட்டியை விட்டு வெளியே எடுக்காதீர்கள். திருகும் கன் என்றால் நன்றாக விரியும்படி திருகி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கண்ணுக்குப் படாத ஒரு மூலையில் இரண்டு அடிக்கு இரண்டு அடி இடத்தில் அடித்துப் பாருங்கள். மூன்றடி தள்ளி நின்று தொடங்கி, மெல்ல மெல்ல ஒரு அடி வரை நெருங்கலாம், அதற்குமேல் வேண்டாம். சுவருக்கு நேராக அடிக்காமல் சாய்த்து, மேலிருந்து கீழாக, ஒரே இடத்தில் நிற்காமல் கையை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணை வழியும் தண்ணீரின் மேல் வையுங்கள். பெயிண்ட் சில்லும் அழுக்கும் வந்தால் வேலை சரியாகப் போகிறது. தண்ணீர் சாம்பல் நிறத்தில் திரும்பி, சுவரடியில் மணல் படியத் தொடங்கினால் பூச்சு கரைகிறது. உடனே நிறுத்திவிட்டு அந்த இடத்தைக் கையால் சுரண்டிக்கொள்ளுங்கள்.

ஜன்னல் சந்து, ஏ.சி. பைப் நுழையும் ஓட்டை, வெளிச்சுவர் சுவிட்ச் பெட்டி ஆகியவற்றை பாலிதீன் சுற்றி டேப் ஒட்டி மூடிவிடுங்கள், அந்தப் பக்கத்து மின் இணைப்பையும் நிறுத்திவிடுங்கள். விரிசல் இருந்தால் அதற்குள் தண்ணீரைப் பாய்ச்சாதீர்கள். ஏணி மேல் நின்று அடிப்பது கூடவே கூடாது. கன்னை அழுத்தியதும் அது பின்னால் உதைக்கும். தரையில் நின்று நீளக் குழாய் மாட்டி அடியுங்கள், இல்லையென்றால் சாரம் கட்டுங்கள். இந்தத் தண்ணீர் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், உள்ளே சதை கெட்டுப்போகும். அப்படி ஏதாவது பட்டால் மருந்து தடவிக் காத்திருக்காமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிள்ளைகள் பக்கத்தில் நிற்கவே வேண்டாம்.

நம் பக்கத்துக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது: உப்பு. தர்மபுரி, கிருஷ்ணகிரி போர்வெல் தண்ணீர் பல இடங்களில் கடுமையானது. சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அதன் மேல் தண்ணீர் அடிக்காதீர்கள். கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போய், காய்ந்ததும் புதுப் பெயிண்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். காய்ந்த நிலையில் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, உதிர்வதைக் கூட்டி அள்ளிய பிறகுதான் கழுவ வேண்டும். இன்னொன்று, வெறும் வெயிலால் கெட்ட பெயிண்ட் சுவர் முழுக்க மாவாகும், வெளுக்கும். உங்களுடையது திட்டுத் திட்டாகப் பொரிகிறது என்றால், அதிலும் கைப்பிடிச் சுவருக்குக் கீழேயோ தரையை ஒட்டியோ என்றால், உள்ளே ஈரம் இருக்கிறது. மொட்டை மாடித் தண்ணீர் எங்கே நிற்கிறது, மழைத்தண்ணீர் குழாய் எங்கே கசிகிறது என்று பார்த்து அதை அடைக்காமல் எந்தக் கம்பெனிப் பெயிண்ட் அடித்தாலும் அடுத்த மழைக்கு உரியும்.

தண்ணீர்ச் செலவையும் யோசியுங்கள். சின்ன மெஷினே நிமிஷத்துக்கு ஆறேழு லிட்டர் குடிக்கும், ஒரு மணி நேரத்துக்கு 400 லிட்டர் பக்கம் வரும். ஃப்ளோரைடு பிரச்சினைக்காகக் கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரை இதற்குத் தொடாதீர்கள். போர்வெல் தண்ணீரைத் தொட்டியில் தேக்கி, மண் படிந்த பிறகு ஃபில்டர் வழியாக எடுத்தால் பம்ப்பும் கெடாது.

பின்கட்டுக்கு வருவோம். கல்லுக்கு நடுவில் இருப்பது மண். மேலே சுண்ணாம்புப் பூச்சு மட்டுமே அதற்குக் காப்பு. மெஷின் தண்ணீர் ஓர் ஓட்டை வழியாக உள்ளே போனாலே சந்து மண் கரைந்து கல் ஆடத் தொடங்கும். அங்கே பெயிண்ட் உரிவதற்குக் காரணமும் வேறு. பல வருஷம் அடித்த வெள்ளைச் சுண்ணாம்பு அடுக்கடுக்காக இருக்க, அதன் மேல் எமல்ஷன் போட்டிருக்கிறீர்கள். எமல்ஷன் மேல் அடுக்கைத்தான் பிடித்திருக்கிறது, அந்த அடுக்கு சுவரை விட்டு வருகிறது. சுவர் குடித்த ஈரமும் எமல்ஷனைத் தாண்டி எளிதில் வெளியேற முடியாமல் உள்ளே நிற்கிறது. பட்டி பிளேடால் சுரண்டுங்கள், தென்னந்துடைப்பத்தால் பெருக்குங்கள், அவ்வளவே. பூச்சு உதிர்ந்த இடத்தில் சிமெண்ட் வைக்காமல் சுண்ணாம்புச் சாந்தே வைத்து, மேலே சுண்ணாம்பே அடியுங்கள். கல்யாண வீட்டுக்குச் சுண்ணாம்பு வெள்ளையைவிட அழகான நிறம் எது? பின்கட்டை ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருந்தால் அதன் மேலும் மெஷின் படக்கூடாது. அதன் நார்த்தூசி நுரையீரலுக்கு ஆகாது.

ஜன்னல் கம்பி, கதவு, கேட் எல்லாம் 1998-ல் எனாமல் அடித்தது என்றால் அதில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்-க்கு (அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பர் 1 முதல்தான் அமலுக்கு வந்தது. மெஷினால் அடித்தால் அந்தச் சில்லு முற்றம் முழுக்கச் சிதறும். கோழி கொத்தும், குழந்தை கையில் ஒட்டும். ஈரமாக்கி, வாட்டர் பேப்பரால் நனைய நனையத் தேய்த்து, கீழே தார்ப்பாய் விரித்து எல்லாவற்றையும் அள்ளுங்கள், எரிக்காதீர்கள்.

பாசி இருக்கும் இடத்தில் பிளீச்சிங் பவுடர் கரைசலைத் தடவி, அரை மணி நேரம் ஊறவிட்டுக் கழுவுங்கள். அதோடு ஆசிட் எதையும் கலக்காதீர்கள், விஷ வாயு கிளம்பும்.

கார்த்திகை கடைசியில் மழை விட்டதும் கழுவிவிடுங்கள். ஒரு வாரமாவது சுவர் காய வேண்டும். ஒரு பாலிதீன் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி மறுநாள் பாருங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, பிரைமர் வேண்டாம். மார்கழியில் பனி இறங்குவதால் காலை பத்து மணிக்கு மேல் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு பிரஷைப் பிடிக்கச் சொல்லுங்கள், வெயில் தாழ்வதற்குள் முடிக்கச் சொல்லுங்கள். கழுவிய பிறகும் உரிந்த இடத்துக்கும் பிடித்த இடத்துக்கும் நடுவே இருக்கும் மேட்டைத் தேய்த்துச் சமப்படுத்த ஆள் வேண்டும். பெயிண்டரிடம் முன்கட்டைக் கழுவிய பிறகு வந்து பார்க்கச் சொல்லி, அதன் பின் கூலி பேசுங்கள்.