பழைய டெஸ்க்டாப்பில் காட்சித் தரத்தை உயர்த்துதல்: கேள்வி பதில்

பெங்களூரு அலுவலகங்களில் பயன்பாடு முடிந்து, செகண்ட் ஹேண்டாக நம் பக்கத்துக் கடைகளுக்கு வந்து சேரும் டெஸ்க்டாப் கணினிகள் பற்றி தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் அளிக்கிறேன். பெரும்பாலோர் கிராபிக்ஸ் கார்டைப் பற்றியே கேட்டிருக்கிறீர்கள். ஆனால் படம் கார்டு, போர்ட், கேபிள், மானிட்டர் ஆகிய நான்கையும் கடந்துதான் கண்ணுக்கு வருகிறது என்பதால், குறை எதில் இருக்கிறது என்று கண்டறிந்த பிறகே செலவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அரூர், கல்லூரி மாணவர்: என்னிடம் மூன்றாம் தலைமுறை ஐ5 உள்ள டெல் ஆப்டிபிளக்ஸ் 7010 இருக்கிறது, சிறிய கேபினெட். வீடியோ எடிட்டிங் பழகுகிறேன். ஜி.டி.எக்ஸ். 1650 கார்டு போட்டால் போதும் என்கிறார் கடைக்காரர். போடலாமா சார்?

தம்பி, வாங்குவதற்கு முன் மூன்றைப் பாருங்கள். முதலாவது மின்சாரம்: உங்கள் கணினியின் எஸ்.எம்.பி.எஸ். (உள்ளே மின்சாரம் வழங்கும் பெட்டி) 240 வாட் மட்டுமே தரும். கார்டுக்கென்று தனி மின் இணைப்பும் அதில் வராது. கார்டு செருகும் ஸ்லாட்டின் வழியாக அதிகபட்சம் 75 வாட் கிடைக்கும். ஜி.டி.எக்ஸ். 1650 அந்த 75 வாட்டை முழுவதும் எடுத்துக்கொள்ளும் என்பதோடு, அதன் பல மாடல்கள் கூடுதலாக 6 பின் இணைப்பையும் கேட்கும். இரண்டாவது அளவு: சிறிய கேபினெட்டில் அரை உயரமுள்ள லோ புரொபைல் கார்டுதான் நிற்கும், இரண்டு ஸ்லாட் அகலமுள்ள கார்டாக இருந்தால், பக்கத்தில் எதிலாவது இடிக்கிறதா என்று கணினியைத் திறந்து ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள்.

மூன்றாவது, அந்தக் கார்டு உங்கள் வேலைக்கு உதவுமா என்பது. 30 வாட்டில் இயங்கும் ஜி.டி. 1030 என்ற கார்டு உங்கள் கணினிக்குப் பொருந்தும், ஆனால் முடித்த வீடியோவை எக்ஸ்போர்ட் செய்ய உதவும் என்கோடர் அதில் கிடையாது, ஆர்.எக்ஸ். 6400 கார்டிலும் கிடையாது. உங்கள் ஐ5 பிராசஸரில் உள்ள குவிக் சிங்க் வசதியோ எச்.264 என்ற பரவலான வடிவில் வீடியோவை இப்போதே எக்ஸ்போர்ட் செய்து தரும். ஆகவே எடிட்டிங் பழகுபவர் என்ற முறையில் முதலில் எஸ்.எஸ்.டி. (ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகம்) போட்டு, ரேமை 16 ஜி.பி. ஆக்குங்கள். அதன் பிறகும் கார்டு வேண்டும் என்று தோன்றி ஜி.டி. 1030 வாங்கினால், பெட்டியில் நினைவக வகை ஜி.டி.டி.ஆர்.5 என்று அச்சிட்டிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். அதே பெயரில் விற்கும் டி.டி.ஆர்.4 கார்டின் நினைவக வேகம் ஜி.டி.டி.ஆர்.5 கார்டின் வேகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஒரே பெயரில் இப்படி இரண்டு பொருள்களை விற்பது வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

பாலக்கோடு, ஜெராக்ஸ் மற்றும் டி.டி.பி. கடை: புதிய கார்டில் வி.ஜி.ஏ. போர்ட் இல்லை. டி.வி.ஐ. போர்ட்டில் சிறிய கன்வெர்ட்டர் பின் போட்டுப் பழைய மானிட்டரை இணைக்கப் பார்த்தேன். பின் உள்ளேயே போகவில்லை.

உங்கள் கார்டில் இருப்பது டி.வி.ஐ.-டி, அதில் டிஜிட்டல் சிக்னல் மட்டுமே வரும்; வி.ஜி.ஏ. மானிட்டருக்கு வேண்டியது அனலாக் சிக்னல். தட்டையான பின்னைச் சுற்றி நான்கு சிறு துளைகள் உள்ள டி.வி.ஐ.-ஐ போர்ட்டில்தான் அந்தக் கன்வெர்ட்டர் பொருந்தும். என்விடியா நிறுவனம் 2016-இல் வெளியிட்ட 10 வரிசையிலிருந்து அனலாக் சிக்னலையே நீக்கிவிட்டது. எச்.டி.எம்.ஐ. சிக்னலை வி.ஜி.ஏ.வாக மாற்றும், உள்ளே சிப் உள்ள ஆக்டிவ் கன்வெர்ட்டர் வாங்கினால் படம் வரும். இருப்பினும் நாள் முழுவதும் சிறிய தமிழ் எழுத்துகளைப் பார்த்துத் திருத்தும் உங்களுக்கு, எச்.டி.எம்.ஐ. உள்ள மானிட்டரே கண்ணுக்கு நல்லது.

கிருஷ்ணகிரி, போட்டோ ஸ்டூடியோ: திரையில் சரியாகத் தெரியும் முகத்தின் நிறம் பிரிண்ட்டில் மாறிவிடுகிறது. நல்ல கார்டு போட்டால் சரியாகுமா?

ஆகாது ஐயா. உங்கள் குறை மானிட்டரில் இருக்கிறது. பழைய அலுவலக மானிட்டர்கள் பலவற்றில் இருப்பது டி.என். வகைப் பேனல் (படம் தெரியும் திரைப் பகுதி), தலையைச் சற்று உயர்த்தினாலோ தாழ்த்தினாலோ அதில் நிறம் மாறித் தெரியும். பார்க்கும் கோணம் மாறினாலும் நிறம் அதிகம் மாறாத ஐ.பி.எஸ். பேனல் உள்ளதாகவும், எஸ்.ஆர்.ஜி.பி. என்ற பொதுவான நிற வரம்பை ஏறத்தாழ முழுவதும் காட்டுவதாகவும் தேர்ந்தெடுங்கள். விவரக் குறிப்பில் 45 சதவீதம் என்.டி.எஸ்.சி. (இன்னொரு நிற அளவுகோல்) என்று இருந்தால் அது எஸ்.ஆர்.ஜி.பி.யில் மூன்றில் இரண்டு பங்கைக்கூடத் தொடாது. 72 சதவீதம் என்றிருந்தால் வாங்கலாம். 1920×1080 திரைக்கு 24 அங்குலம் போதும். 27 அங்குலம் வேண்டுமென்றால் 2560×1440 எடுங்கள், இல்லாவிட்டால் புள்ளிகள் பெரிதாகத் தெரியும். வாங்கிய பிறகு கேலிபரேட்டர் கருவியால் நிறத்தைச் சரிசெய்து, பிரிண்ட் போடும் லேபிடம் அவர்களுடைய நிற புரொஃபைலை (அவர்கள் பிரிண்ட்டில் நிறம் எப்படி வரும் என்று சொல்லும் கோப்பு) கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

காவேரிப்பட்டினம்: கார்டு மாட்டியதும் நோ டிஸ்ப்ளே. கார்டு பழுதா?

கேபிள் இன்னும் மதர்போர்டின் போர்ட்டிலேயே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கார்டு மாட்டியவுடன் பல மதர்போர்டுகள் தங்கள் சொந்த போர்ட்டை அணைத்துவிடும். கேபிள் சரியாக இருந்தால் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) முதன்மை டிஸ்ப்ளேயை, கார்டு செருகும் ஸ்லாட்டான பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்று மாற்றுங்கள். பயாஸின் புதிய வடிவமான யு.இ.எஃப்.ஐ. வருவதற்கு முந்தைய மதர்போர்டுகளில் சில புதிய கார்டுகள் படமே காட்டாது என்பதால், வேறொரு கணினியில் மாட்டிச் சோதித்த பிறகே பழுது என்று முடிவு செய்யுங்கள்.

ஊத்தங்கரை: கேம் தொடங்கினால் கணினி அணைந்துவிடுகிறது. எஸ்.எம்.பி.எஸ். 450 வாட் என்று போட்டிருக்கிறது.

பெரிய எழுத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, லேபிளில் 12 வோல்ட் வரிக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 14 ஆம்பியர் என்றிருந்தால் பிராசஸருக்கும் கார்டுக்கும் சேர்த்துக் கிடைப்பது 168 வாட்தான். நம்பகமான எஸ்.எம்.பி.எஸ். மாற்றுங்கள்; அதற்கு முன் கேம் விளையாட வேண்டாம்.

ஓசூர், தொழிற்சாலை ஊழியர்: ஆல் இன் ஒன் கணினியின் மதர்போர்டு போய்விட்டது, திரை நன்றாக இருக்கிறது. அதை மானிட்டராக மாற்ற முடியுமா?

முடியும், பயனுள்ள வேலையும்கூட. பேனலைக் கழற்றி, பின்புற ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணை முழுமையாகக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணுக்கென்றே புரோகிராம் செய்த, கணினியின் படச் சிக்னலைப் பேனலுக்கு மாற்றித் தரும் கன்ட்ரோலர் போர்டை, பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலோ ஆன்லைனிலோ கேட்டு வாங்க வேண்டும். பேனலின் இணைப்பு எல்.வி.டி.எஸ். வகையா, ஈ.டி.பி. வகையா என்பதையும், பேனலுக்கு எத்தனை வோல்ட் தேவை என்பதையும் உறுதி செய்யுங்கள். தவறான வோல்ட்டேஜ் கொடுத்தால் பேனல் எரிந்துவிடும். பழைய பேனலாக இருந்து பின்னொளிக்கு எல்.இ.டி.க்குப் பதிலாக மெல்லிய குழல் விளக்கு இருந்தால், அதை இயக்கும் இன்வெர்ட்டரில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடும் என்பதால், மின்சாரம் இருக்கும்போது அதைத் தொடவே கூடாது.

பென்னாகரம்: பழைய பிக்சர் டியூப் மானிட்டரின் கூட்டுக்குள் எல்.சி.டி. பேனல் பொருத்த ஆசை. நானே திறக்கலாமா?

வேண்டாம். டியூபின் ஆனோடில் (உயர் மின்னழுத்தம் சேரும் முனை) 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த மின்னூட்டம் தங்கியிருக்கக்கூடும். டியூபின் உள்ளே வெற்றிடம் என்பதால், கழுத்துப் பகுதி உடைந்தால் கண்ணாடி சிதறும் ஆபத்தும் உண்டு. உங்கள் ஊரில் பழைய டி.வி. பழுது பார்த்த மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்து, டியூபை டிஸ்சார்ஜ் செய்து (தங்கிய மின்னூட்டத்தை வெளியேற்றி) கழற்றிய வெறும் கூட்டை மட்டும் வாங்கி வாருங்கள்.