உடைந்ததெல்லாம் 'பீஸ்' அல்ல

சிறு துண்டுகளையும் உடைசல்களையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைப் பற்றி வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு இந்த இதழில் சேர்த்து விடை தருகிறோம்.

கேள்வி: கண்ணாடித் தம்ளர் உடைந்தால் சிதறுவது பீஸா, ஃப்ராக்மெண்டா, ஷார்டா, ஸ்ப்ளிண்டரா, ஸ்லிவரா, சிப்பா? அகராதியில் ஆறுக்கும் 'துண்டு' என்றே போட்டிருக்கிறது. பெரியது, சிறியது என்று வரிசைப்படுத்திக் கொள்ளலாமா?

அளவை வைத்துப் பிரிக்க முயன்றால் குழப்பம்தான் மிஞ்சும். உள்ளங்கை அகலத்தில் ஒரு ஷார்டு இருக்கலாம், நகக்கண் அளவிலும் இருக்கலாம். எந்தப் பொருள், எப்படிப் பிரிந்தது, பிரிந்தது என்ன வடிவம் என்ற மூன்றைத்தான் பார்க்க வேண்டும்.

தம்ளரையே எடுத்துக்கொள்வோம். விளிம்பில் மட்டும் கொஞ்சம் பெயர்ந்திருந்தால் அது 'சிப்'. கோடு விழுந்து, ஆனால் எதுவும் பிரியாமல் இருந்தால் 'கிராக்', அதாவது விரிசல்; அதைத் துண்டு என்ற கணக்கில் சேர்க்கவே கூடாது. கீழே விழுந்து நொறுங்கி, கூர்முனையும் வெட்டும் விளிம்புமாகக் கிடப்பவை 'ஷார்டு'. பானை, பீங்கான், கண்ணாடி போன்ற கடினமான, நொறுங்கும் பொருள்களுக்கே இது பொருந்தும். மரத்துக்கோ துணிக்கோ ஷார்டு கிடையாது. அந்தக் குவியலில் ஊசிபோல மெலிந்து நீண்டிருப்பது 'ஸ்லிவர்'. அதுவே காலில் ஏறிவிட்டால் 'ஸ்ப்ளிண்டர்'. எந்த வடிவத்தையும் சுட்டாமல், முழுமையான ஒன்றின் உடைந்த பகுதி என்று மட்டும் சொல்ல வேண்டுமானால் 'ஃப்ராக்மெண்ட்'. மருத்துவ அறிக்கை, ஆய்வுக் குறிப்பு போன்ற இடங்களுக்கு அது ஏற்றது. 'பீஸ்' எங்கும் செல்லும். அதனாலேயே அது படிப்பவர் கண்ணில் எந்தக் காட்சியையும் எழுப்புவதில்லை.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு நல்ல வழி இருக்கிறது. பெயர்ச்சொல்லைத் தேடுவதற்கு முன் தமிழ் வினையைச் சொல்லிப் பாருங்கள். உடைதல், ஒடிதல், பிளத்தல், நொறுங்குதல், பெயர்தல், உரிதல், உதிர்தல், கிழிதல் என்று நாம் நுட்பமாகப் பிரித்தே பேசுகிறோம். பெயர்ந்தது என்றால் சிப். நாரோட்டமாகப் பிளந்தது என்றால் ஸ்ப்ளிண்டர். கூராக நொறுங்கியது ஷார்டு. ஏடாக உரிந்தது 'ஃப்ளேக்'. உதிர்ந்தது 'க்ரம்ப்'. கிழிந்தது 'ஷ்ரெட்'. ஒடிவதற்குத் தனித் துண்டுப்பெயர் இல்லை. குச்சி 'ஸ்னாப்' ஆகும், கையில் இரண்டு 'பீஸ்' இருக்கும், அவ்வளவுதான்.

எழுதுபவர்கள் அடிக்கடி தவறும் இடம் ஒன்று உண்டு. கார் விபத்துச் செய்திகளில் பக்கக் கண்ணாடி உடைந்து 'ஷார்டுகள்' சிதறின என்று எழுதுகிறார்கள். பக்கக் கண்ணாடி பெரும்பாலும் பதப்படுத்தப்பட்டது. தயாரிப்பில் அதன் மேற்பரப்பு இறுக்கத்திலும் உட்பகுதி இழுவிசையிலும் இருக்குமாறு திடீரென்று குளிர்விக்கிறார்கள். எனவே ஓரிடத்தில் உடைந்தால் முழுப் பலகையும் ஒரே நேரத்தில் பரல் பரலாக உதிரும், கூர்வாள் போன்ற துண்டுகள் வராது. முன்பக்கக் கண்ணாடியோ இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டியது. அது சிலந்தி வலைபோல விரிசல் விட்டு நிற்கும், துண்டுகள் பெரும்பாலும் ஏட்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். முதலாவதற்கு 'கிரான்யூல்ஸ்', இரண்டாவதற்கு 'கிராக்டு' என்பதே சரி.

கேள்வி: ஷார்டு, ஷெர்டு இரண்டும் ஒன்றா?

ஒரே சொல்லின் இரு வடிவங்கள். தொல்லியலாளர்கள் பானை ஓட்டைக் குறிக்க 'ஷெர்டு' அல்லது 'பாட்ஷெர்டு' என்பதையே விரும்புகிறார்கள்; கண்ணாடிக்குப் பொதுவழக்கு 'ஷார்டு'. தமிழில் பானைக்கு ஓடு, ஓட்டாஞ்சில்லு என்றும் கண்ணாடிக்குச் சில்லு என்றும் எழுதினால் பொருள் பிசகாது. தொல்லியல் கட்டுரையை மொழிபெயர்ப்பவர்கள் 'பானைத் துண்டுகள்' என்று எழுதாமல் 'பானை ஓடுகள்' என்று எழுதும்படி கேட்டுக்கொள்கிறோம். கையில் இருக்கும் சொல்லை விட்டுவிடக் கூடாது.

கேள்வி: கோப்பையில் 'சிப்' இருக்கிறது என்கிறார்கள். பெயர்ந்து போன துண்டுதானே சிப்? அது எப்படிக் கோப்பையில் இருக்கும்?

பெயர்ந்த துண்டும் சிப், பெயர்ந்ததால் உண்டான குழிவும் சிப். ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல்தான். தமிழில் குழிவைச் சொல்ல 'விளிம்பு பெயர்ந்திருக்கிறது' அல்லது 'மூளியாக இருக்கிறது' என்பது இயல்பு. மூளி என்ற சொல் இதற்கென்றே இருப்பதுபோல அமைந்திருக்கிறது.

மரத்தை வெட்டும்போது தெறிக்கும் செதுக்கலும் சிப் எனப்படும். பிள்ளை அச்சு அசல் பெற்றோரைப் போலவே இருந்தால் 'பழைய கட்டையிலிருந்து தெறித்த சிப்' என்று ஆங்கிலத்தில் சொல்வது இந்தப் பொருளில்தான். பெரும்பாலும் தந்தையின் குணம் மகனிடம் தெரியும்போது சொல்வார்கள். 'அப்பனை உரித்து வைத்திருக்கிறான்' என்பது சரியான இணை. 'தோளில் சிப் வைத்திருப்பவர்' என்றால் எப்போதும் மனக்குறையோடு சண்டைக்குத் தயாராக இருப்பவர். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் தோளில் மரச்சில்லை வைத்துக்கொண்டு, 'முடிந்தால் தட்டிவிடு பார்க்கலாம்' என்று வம்புக்கு இழுக்கும் பழக்கத்திலிருந்து வந்தது அது. 'புளூ சிப்' பங்கு என்பது வேறு வழி. போக்கர் ஆட்டத்தில் பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லைகளும் சிப்தான். மரபாக நீல வில்லைக்கே மதிப்பு அதிகம்.

உணவுப் பெயரில் கவனம் தேவை. பிரிட்டனில் 'சிப்ஸ்' என்றால் விரல் தடிமனில் நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கு. மெல்லிய மொறுமொறு வில்லைகளுக்கு அங்கே 'கிரிஸ்ப்ஸ்'. அமெரிக்காவில் அந்த மெல்லிய வில்லைகளே 'சிப்ஸ்', தடித்தவை 'ஃப்ரைஸ்'. கதையை மொழிபெயர்க்கும்போது எந்த நாட்டுக் கதை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மின்னணுவில் வரும் சிப்பும் இதே குடும்பம்தான். சிலிக்கான் உருளையை மெல்லிய வட்டத் தகடுகளாக அறுக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு 'வேஃபர்'. அதன்மேல் சுற்றுகளைப் பதித்தபின் சிறு சிறு சதுரங்களாக வெட்டுகிறார்கள். உறைக்குள் வைக்கப்படாத அந்தச் சதுரத்தைப் பொறியாளர்கள் 'டை' என்பார்கள், வெட்டும் வேலைக்கு 'டைசிங்' என்று பெயர். இப்படிப் பல உறுப்புகளை ஒரே துண்டில் அமைப்பதே ஒருங்கிணைந்த சுற்று; அமெரிக்கப் பொறியாளர் ஜாக் கில்பி அதை முதலில் இயக்கிக் காட்டியது 1958ல். சிப் என்பதைத் தமிழில் 'சில்லு' என்று ஆக்கியவர்கள் மூலச் சொல்லின் உடைசல் பொருளையும் சேர்த்தே கொண்டுவந்துவிட்டார்கள். தயங்காமல் பயன்படுத்தலாம்.

கேள்வி: விரலில் குத்திய மரத்துணுக்கு ஸ்ப்ளிண்டரா, ஸ்லிவரா?

பிரிட்டிஷ் வழக்கில் ஸ்ப்ளிண்டர். அமெரிக்காவில் இரண்டையும் சொல்வார்கள். தமிழில் 'சிராய்' அல்லது 'சிம்பு'. எலும்பு முறிந்தால் அசையாமல் கட்டும் பட்டை 'ஸ்ப்ளிண்ட்'. ஸ்ப்ளிண்டரோடு பிறந்த சொல் அது. தமிழிலும் சிம்பு வைத்துக் கட்டுவது என்கிறோம். இரு மொழிகளும் தனித்தனியே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

ஸ்லிவர் குத்த வேண்டியதில்லை. மெல்லியதாகவும் நீளமாகவும் இருந்தால் போதும். கேக்கில் ஒரு ஸ்லிவர், பிறை நிலவின் ஸ்லிவர், நம்பிக்கையின் ஸ்லிவர் எல்லாம் உண்டு. இங்கே 'கீற்று' அழகாகப் பொருந்தும். நூற்பாலையில் பஞ்சைச் சிக்கெடுத்து வாரும் கார்டிங் எந்திரத்திலிருந்து முறுக்கில்லாமல் வெளிவரும் பஞ்சுத்திரிக்கும் இதே எழுத்துக்கூட்டுதான், ஆனால் அங்கே 'ஸ்லைவர்' என்று உச்சரிப்பார்கள். தொழில்நுட்பக் கட்டுரையில் அதைக் 'கீற்று' என்று பெயர்த்தால் தவறாகிவிடும்.

கேள்வி: 'க்ரம்ப்' என்ற சொல்லில் கடைசி 'பி' எழுத்தை உச்சரிக்க வேண்டுமா?

வேண்டாம். 'க்ரம்' என்றே ஒலிக்க வேண்டும். பழைய ஆங்கிலத்தில் அந்த எழுத்தே இல்லை, பிற்காலத்தில் எழுத்துக்கூட்டில் வந்து ஒட்டிக்கொண்டது. ஆனால் 'க்ரம்பிள்' என்னும் வினையில் அதை உச்சரித்தே ஆக வேண்டும். இன்னொன்று: ரொட்டி சுடுபவர்கள் 'க்ரம்' என்று சொல்வது உதிர்ந்த துகளை மட்டுமல்ல. மேலோட்டுக்கு உள்ளே இருக்கும் மென்மையான பகுதி முழுவதற்கும் அதுவே பெயர். சமையல் குறிப்பில் 'திறந்த க்ரம்' என்று வந்தால் உட்பகுதியில் பெரிய காற்றறைகள் உள்ள ரொட்டி என்று பொருள்.

கேள்வி: 'ஷ்ரெட் ஆஃப் எவிடென்ஸ்' என்பதைச் 'சான்றின் கிழிசல்' என்று ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தேன். சரிதானா?

சரியில்லை. துண்டைக் குறிக்கும் சொற்கள் பல, எதிர்மறை வாக்கியத்தில் நுழைந்தவுடன் 'மிகமிகக் குறைந்த அளவு' என்ற பொருளுக்கு மாறிவிடுகின்றன. ஷ்ரெட், ஸ்க்ராப் இரண்டும் அந்த வகை. அவற்றுக்கு நேர்ச்சொல் தேடாமல், தமிழ் இதே வேலைக்கு வைத்திருக்கும் சொற்களை எடுக்க வேண்டும்: துளியும், எள்ளளவும், இம்மியும், கடுகளவும், அணுவளவும். 'சான்று துளியும் இல்லை' என்றால் முடிந்தது. இம்மி என்பது பழந்தமிழ்க் கணக்கில் மிகச் சிறிய பின்னம் ஒன்றின் பெயர். ஆங்கிலத்தில் இதே பொருளில் வரும் 'அயோட்டா'வுக்கு அது கச்சிதம்.

எல்லாச் சொல்லும் எதிர்மறைக்கு உரியதல்ல. 'கிரெய்ன் ஆஃப் ட்ரூத்' பெரும்பாலும் உடன்பாட்டில் வரும்: 'அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது'. இதை மாற்றி, அதில் உண்மையின் ஒரு ஷ்ரெட் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் எழுதினால் காதுக்கு ஒட்டாது.

ஸ்க்ராப் பற்றி ஓர் எச்சரிக்கை. பழைய இரும்பு, கழிவுத் தகடு என்ற பொருளில் அது எண்ணப்படாத பெயர். 'ஸ்க்ராப்ஸ்' என்று பன்மையாக்கினால் உணவில் மிஞ்சியவை அல்லது துணி, தாள் துண்டுகள் என்று ஆகிவிடும். வினையாக வந்தால் 'கைவிடு': திட்டத்தை ஸ்க்ராப் செய்தார்கள். ஈற்றில் 'இ' சேர்ந்த 'ஸ்க்ரேப்' வேறு சொல், அது 'சுரண்டு'.

கேள்வி: பட்டறையில் விழும் கழிவுகளுக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர்?

எந்தக் கருவி என்பதே பெயரைத் தீர்மானிக்கிறது. ரம்பம் அறுத்தால் 'சாடஸ்ட்', மரத்தூள். இழைப்புளி இழைத்தால் 'ஷேவிங்ஸ்', சுருள் சுருளாக விழும் சீவல். உளி செதுக்கினால் 'சிப்ஸ்', செதுக்கல். அரம் ராவினால் 'ஃபைலிங்ஸ்', அரப்பொடி. கடைசல் எந்திரத்தில் உலோகத்திலிருந்து சுருண்டு வருவது 'ஸ்வார்ஃப்'. விளிம்பு கையை வெட்டும் என்பதால் வெறும் கையால் அள்ளக் கூடாது. அளவுக்கு அறுத்தபின் மிஞ்சும் கட்டை 'ஆஃப்கட்'. காந்தப்புலச் சோதனையில் காந்தத்தைச் சுற்றித் தூவுவது ஃபைலிங்ஸ், அதாவது இரும்பு அரப்பொடி. அதைப் பாடநூலில் 'இரும்புத் துண்டுகள்' என்று போட்டால் மாணவர் ஆணியைத் தேடுவார்.

கேள்வி: 'ஷ்ராப்னெல்' ஆள் பெயரா?

ஆம். ஹென்றி ஷ்ராப்னெல் என்னும் பிரிட்டிஷ் பீரங்கிப்படை அதிகாரி 1784ல் உருவாக்கத் தொடங்கிய குண்டின் பெயர் அது. வெற்றுக் குண்டுக்குள் சிறு உருண்டைகளை நிரப்பி, எதிரியின் தலைக்குமேல் வானிலேயே வெடிக்கச் செய்வது அதன் வேலை. பிரிட்டிஷ் இராணுவம் 1803ல் ஏற்றுக்கொண்டது. இன்று எந்தக் குண்டு வெடித்தாலும் பறக்கும் உலோகச் சிதறலுக்கெல்லாம் அந்தப் பெயர் பரவிவிட்டது. பன்மை விகுதி சேர்க்கக் கூடாது. ஒன்றைச் சொல்ல 'எ பீஸ் ஆஃப் ஷ்ராப்னெல்'. தமிழில் 'குண்டுச் சிதறல்'. இதற்கு மாறாக 'ஸ்மிதரீன்ஸ்' எப்போதும் பன்மை. அது ஐரிஷ் மொழியிலிருந்து வந்தது. 'ரீன்' என்று ஒலிக்கும் பகுதியில் அம்மொழியின் சிறுமை விகுதி இருக்கிறது. 'சுக்குநூறாக' என்பதே அதற்கு உரிய தமிழ்.

கேள்வி: டெப்ரி, ரபிள், ரெக்கேஜ், ரூயின்ஸ்: வேறுபாடு?

இடிந்த கட்டடத்தின் கல்லும் செங்கல்லும் காரையும் 'ரபிள்'. விமானம், கப்பல், வாகனம் சிதைந்தது 'ரெக்கேஜ்'. எதனுடைய சிதறலுக்கும் பொதுச்சொல் 'டெப்ரி'; இறுதி 'எஸ்' ஒலிக்காது. மூன்றும் ஒருமை வினையே கொள்ளும். 'ரூயின்ஸ்' மட்டும் பன்மை, அதோடு அது இன்னும் ஓரளவு நிற்கிறது. இடிபாடுகளில் சிக்கியவர்களை மீட்டார்கள் என்ற செய்தியில் ரபிள் அல்லது டெப்ரி வேண்டும், ரூயின்ஸ் கூடாது.

கேள்வி: 'பிட்' என்றால் தேர்வில் மறைத்து வைக்கும் தாள் என்று ஆங்கிலேயருக்குப் புரியுமா?

புரியாது. அதற்கு 'க்ரிப்' அல்லது 'சீட் ஷீட்' என்று சொல்ல வேண்டும். பிட் என்பது கடித்தலோடு தொடர்புள்ள சொல், ஒரு கடி அளவு. குதிரையின் வாயில் வைக்கும் கடிவாள இரும்பும், துளையிடும் எந்திரத்தின் அலகும் அதே வேரில் பிறந்தவை. கணினி 'பிட்' மட்டும் தனி: 'பைனரி டிஜிட்' (இரும இலக்கம்) என்னும் இரு ஆங்கிலச் சொற்களைச் சுருக்கிக் கணிதவியலாளர் ஜான் டூக்கி அமைத்தது, 1948ல் தகவல் கோட்பாட்டை வகுத்த கிளாட் ஷானனின் கட்டுரையில் அச்சேறியது.

கேள்வி: 'மார்சல்' என்பதற்கு நல்ல தமிழ்ச்சொல்?

விள்ளல். விண்டு எடுத்தது என்பதால் அளவும் சரி, உணவுக்கு மட்டும் உரியது என்பதும் சரி. 'கவளம்' வாய் நிறைய, எனவே அதை 'மவுத்ஃபுல்'லுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.