எடை கூடட்டும் என்று ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: என் மகளுக்கு 5 மாதம். பிறந்தபோது 2.8 கிலோ, இப்போது 4.2 கிலோ. இதயத்தில் பெரிய ஓட்டை, வி.எஸ்.டி. என்று எக்கோவில் தெரிந்தது. டாக்டர் சீக்கிரம் ஆபரேஷன் செய்யச் சொல்கிறார். வீட்டில் பெரியவர்கள், "பிள்ளை கொஞ்சம் தேறட்டும், 10 கிலோ ஆனதும் பார்க்கலாம்" என்கிறார்கள். பால் குடிக்கும்போதே வியர்த்துக் களைத்துத் தூங்கிவிடுகிறாள். கிரகணத்தன்று நான் வெளியே போனதால்தான் இப்படி என்றும் பேசுகிறார்கள். என்ன செய்வது?

பதில்: கிரகணப் பேச்சை முதலில் விட்டுவிடுங்கள் அம்மா. கரு உண்டான முதல் 8 வாரத்துக்குள்ளேயே இதயம் உருவாகிவிடும். பல பெண்களுக்குக் கர்ப்பம் என்று தெரியவருவதே அந்தச் சமயத்தில்தான். ஏறத்தாழ 100 குழந்தைகளில் ஒன்று இதயக் குறையோடு பிறக்கிறது. பெரும்பாலும் காரணம் இன்னதென்று சொல்ல முடிவதில்லை. உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை.

சின்ன ஓட்டைகள் பல தானாகவே மூடிக்கொள்ளும். பெரியவர்கள் அப்படி ஒரு குழந்தையைப் பார்த்திருக்கலாம். பெரிய ஓட்டை அப்படியல்ல. பிறந்த சில வாரங்களில் நுரையீரல் ரத்தக்குழாய்கள் தளர்ந்ததும், உடம்புக்குப் போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கு ஓட்டை வழியாக நுரையீரலுக்குத் திரும்பிப் பாய்கிறது. குழந்தைக்கு மூச்சு வாங்குகிறது, இதயம் இரட்டிப்பாக உழைக்கிறது. குடிக்கிற பாலின் சத்தெல்லாம் அந்த உழைப்புக்கே போய்விடுகிறது. 5 மாதத்தில் பிறந்த எடை இரண்டு மடங்காகியிருக்க வேண்டும். ஆகாததற்குக் காரணம் உங்கள் பால் இல்லை, அந்த ஓட்டைதான். அதை மூடாமல் எடைக்காகக் காத்திருந்தால் எடையும் வராது, காலமும் போய்விடும். நாள்பட நுரையீரல் ரத்தக்குழாய்கள் தடித்துப்போனால், பிறகு ஓட்டையை மூடவே முடியாத நிலை வரும். அனுபவமுள்ள மையங்களில் 4 கிலோ குழந்தைக்கு இந்த ஆபரேஷன் செய்வது இன்று வழக்கமான ஒன்று. டாக்டர் சொன்னபடி தேதி வாங்கிவிடுங்கள்.

அதுவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகப் பால் கொடுங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் மார்பில் போராட விடாதீர்கள்; மீதியைப் பீய்ச்சி, தலையைச் சற்று உயர்த்திப் பிடித்து, பாலாடையில் ஊட்டுங்கள். அதுவும் போதவில்லை என்றால், சத்து சேர்த்துக் கொடுக்கவோ மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்கவோ டாக்டர் வழி சொல்வார். தண்ணீர், பசும்பால் வேண்டாம். உடம்பில் சேரும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் லேசிக்ஸ் போன்ற மருந்தை ஸ்பூனில் குத்துமதிப்பாக ஊற்றாமல் சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். வாந்தி எடுத்தால், டாக்டரைக் கேட்காமல் மறுபடி கொடுக்காதீர்கள்.

தூங்கும்போது சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழுசாக ஒரு நிமிடம் எண்ணிக் குறித்துவையுங்கள். வழக்கத்தைவிட அது கூடினாலோ, விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். இந்தக் குழந்தைகளுக்குச் சாதாரணச் சளியே சீக்கிரம் நிமோனியாவாகிவிடும். இருமலோடு வருகிறவர் சொந்தப் பாட்டியானாலும் தூக்கவோ கொஞ்சவோ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இதயக் குறை என்பதற்காகத் தடுப்பூசியை நிறுத்த வேண்டாம். நிமோனியா தடுப்பூசி அரசு அட்டவணையிலேயே இருக்கிறது. ஆபரேஷன் தேதி நெருங்கும்போது மட்டும் கேட்டுக்கொண்டு போடுங்கள்.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. பிறவிக் குறையுள்ள குழந்தைகளைக் கண்டறிந்து சிகிச்சைக்கு அனுப்ப, 2013 முதல் மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமும் இருக்கிறது. எக்கோ ரிப்போர்ட், ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் விசாரியுங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு நெஞ்செலும்பு சேர ஏறத்தாழ 6 வாரம் ஆகும். அதுவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்காமல், ஒரு கையைத் தலைக்கும் கழுத்துக்கும், மறு கையைப் பிட்டத்துக்கும் கீழே கொடுத்து ஏந்துங்கள். வீட்டில் யார் தூக்கினாலும் இப்படித்தான்.