பேரக்குழந்தைகளின் பெயரில் குழந்தை மருத்துவத்துக்கு நன்கொடை தர விரும்பும் தாத்தா பாட்டிகள், சென்னையின் பெரிய மருத்துவமனைக்குக் கொடுப்பது நல்லதா, சொந்த மாவட்டத்தில் கொடுப்பது நல்லதா?

சொந்த மாவட்டத்தில் கொடுங்கள் என்பதே என் பதில். நானும் என் கணவரும் சம்பந்தி வீட்டாரும் சேர்ந்து அப்படித்தான் கொடுத்தோம். அதற்கான காரணம் எங்கள் பேரன் பிறந்த அன்றே தொடங்கிவிட்டது.

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். தலைப்பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்த மகளுக்கு 32ஆம் வாரத்திலேயே வலி கண்டுவிட்டது. பக்கத்து அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவம்தான். ஆனால் பையனின் எடை 1,400 கிராம். 1,800 கிராமுக்குக் குறைந்த எடையுடனோ 34 வாரங்களுக்கு முன்னதாகவோ பிறக்கும் குழந்தையைப் பச்சிளம் குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது நடைமுறை. அன்று இடம் கிடைத்தது தஞ்சாவூரில். 108 ஆம்புலன்ஸ் வந்தது. பிரசவித்த மகளை உடனே கிளப்ப முடியாததால், செவிலியர் என்னை வண்டியில் உட்காரவைத்து, குழந்தைக்குக் குல்லாவும் காலுறையும் மாட்டி, அவன் உடம்பு என் மார்பில் நேராகப் படும்படி வைத்துப் புடவைத் தலைப்பால் சுற்றிக் கட்டினார். ஒரத்தநாட்டைக் கடந்து தஞ்சாவூர் சேரும்வரை, அவனுடைய மூச்சு என் தோலில் படுகிறதா என்பதைத் தவிர வேறு எதையும் நான் நினைக்கவில்லை.

அங்கே 26 நாள்கள் இருந்தோம். அரசு மருத்துவமனை என்பதால் சிகிச்சைக்கு ஒரு ரூபாயும் கேட்கவில்லை. ஆனால் மகள் வந்து சேர்ந்த பிறகு இரண்டு பேர் தங்கவும், மூன்று வேளை சாப்பிடவும், மருமகன் வேலையை விட்டுவிட்டு ஊருக்கும் தஞ்சாவூருக்குமாக அலையவும் ஆன செலவு எந்தக் காப்பீட்டு அட்டையிலும் அடங்காது. பிரிவில் எங்களுக்கு அருகில் இருந்த பெண் ஒருத்தி வேதாரண்யம் பக்கத்திலிருந்து வந்தவள்; வீட்டில் விட்டுவந்த மூத்த பிள்ளையைப் பார்க்க ஆளில்லாமல், குழந்தை இன்னும் தேறாத நிலையிலேயே கையெழுத்துப் போட்டுக் கூட்டிச் சென்றுவிட்டாள். மருத்துவம் இலவசமாக இருந்தும் தூரத்தின் காரணமாக ஒரு தாய் அதைக் கைவிட நேர்ந்ததை அன்று கண்ணால் கண்டேன். சென்னையில் எவ்வளவு உயர்ந்த கட்டடம் எழுந்தாலும் அந்தப் பெண்ணுக்கு அது எட்டாது.

பேரனுக்குக் காதுகுத்து வைக்கும் நேரம் வந்தபோது, விருந்துக்கென்று இரண்டு குடும்பமும் ஒதுக்கியிருந்த பணத்தை ஊருக்குப் பக்கத்து மருத்துவமனையின் பச்சிளம் குழந்தைப் பிரிவுக்குக் கொடுக்க முடிவு செய்தோம். சம்பந்தி ஓர் இன்குபேட்டர் வாங்கித் தரலாம் என்றார். நல்லவேளையாக, வாங்கும் முன் அங்குள்ள தலைமைச் செவிலியரைக் கேட்டோம். "இயந்திரம் இருக்கிறது அம்மா, தாய்மார் சாய்ந்து உட்கார நாற்காலிதான் இல்லை" என்றார். குழந்தையை மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு முறைப் பராமரிப்பைப் பல மணி நேரம் தொடர வேண்டும். தையல் போட்ட உடம்போடு முதுகு நிமிர்ந்த பிளாஸ்டிக் நாற்காலியில் எந்தப் பெண்ணால் அது முடியும்? இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்தி 2021இல் வெளியான ஆய்வில், 1,800 கிராமுக்குக் குறைந்த குழந்தைகளைப் பிறந்த உடனேயே இப்படி அணைத்து வைத்ததால், நிலை தேறும்வரை காத்திருந்து தொடங்குவதைக் காட்டிலும் இறப்பு கால் பங்கு குறைந்தது. ஆகவே சாய்வு நாற்காலிகள் நான்கும், குழந்தையின் பாதத்தில் சுற்றி ஆக்சிஜன் அளவு பார்க்கும் சென்சார் கம்பிகளும் வாங்கிக் கொடுத்தோம். அந்தக் கம்பி அடிக்கடி பழுதாகும். அது இல்லாவிட்டால் விலையுயர்ந்த மானிட்டர் சும்மா நிற்கும்.

தஞ்சாவூரில் இன்று பிரசவத்துக்கும் குழந்தைகளுக்கும் உரியதாக விளங்கும் ராஜா மிராசுதார் மருத்துவமனையே 19ஆம் நூற்றாண்டில் அரச குடும்பத்தாரும் மிராசுதார்களும் தந்த பொருளால் எழுந்ததுதான். பெயரே அதைச் சொல்கிறது. 2020இல் நடிகை ஜோதிகா அதே மருத்துவமனைக்கு 25 லட்சம் ரூபாய் வழங்கினார். எங்களைப் போன்றவர்களிடம் அவ்வளவு இல்லை, ஆனால் நான்கு நாற்காலிக்கு இருந்தது.

கொடுக்கும் முறை குறித்து: அரசு மருத்துவமனை என்றால் கண்காணிப்பாளரையோ தலைமை மருத்துவரையோ நேரில் பார்த்து, தேவையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பணமாகத் தருவதானால் நோயாளர் நலச் சங்கத்தின் வங்கிக் கணக்கில் செலுத்தி ரசீது பெறுங்கள். பொருளாகத் தந்தால் இருப்புப் பதிவேட்டில் ஏறியதா என்று பாருங்கள். கருவி என்றால் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கான தொகையையும் சேர்த்தே ஒதுக்குங்கள். 80ஜி என்று அறியப்படும், நன்கொடைக்கான வருமான வரிவிலக்கு வேண்டுவோர், பெறும் அமைப்புக்கு அந்தப் பதிவு உண்டா என்று முதலில் கேளுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் விலக்குக் கிடைக்காது, புதிய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கும் அது இல்லை.

பேரனுக்கு இப்போது நான்கு வயது. அடுத்த பிறந்தநாளுக்கு என்ன கொடுக்கலாம் என்று சென்ற மாதம் அதே செவிலியரிடம் கேட்டேன். உடன் வரும் பாட்டிகள் இரவில் படுக்க ஓர் அறையும், அதில் வெந்நீருக்கு வழியும் வேண்டும் என்றார். மதிப்பீடு கேட்டிருக்கிறோம்.