இன்டர்செப்டரில் கழலாத ஆயில் ஃபில்டர்

பெங்களூரு அல்சூரில் வீட்டு வாசலிலேயே ராயல் என்ஃபீல்ட் இன்டர்செப்டர் 650 பைக்குக்கு ஆயில் மாற்ற உட்கார்ந்தால் ஃபில்டர் அசையவே இல்லை, ஸ்க்ரூடிரைவரால் குத்தித் திருப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போதைக்கு வேண்டாம் நண்பரே. தகரம் கிழிந்துவிட்டால் பிடிப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

போன தடவை யாரோ பானா போட்டு இறுக்கியிருப்பார்கள். எஞ்சினை 2, 3 நிமிடம் ஓடவிடுங்கள், ரப்பர் வளையம் கொஞ்சம் இளகும். சைலன்ஸர் குழாய் பக்கத்திலேயே இருக்கிறது, கை பத்திரம். ஆயிலை வடித்துவிட்டு, ஃபில்டரில் பிசுக்குப் போகத் துடைத்து, உப்புத்தாளைச் சொரசொரப்பு உள்பக்கம் இருக்கும்படி சுற்றிப் பிடித்து, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்புங்கள். அப்பவும் மசியவில்லையா? ஃபில்டர் தலையில் தொப்பி மாதிரி உட்காரும் பானா வேண்டுமென்று வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டில் கேளுங்கள். புது ஃபில்டரைக் கையோடு கொண்டுபோய், மாட்டிப் பார்த்தே வாங்குங்கள். லூசாக இருந்தால் வழுக்கும்.

கழன்றதும் பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன்மேலேயே புதியதைப் பூட்டினால் ஆயில் பீய்ச்சியடிக்கும், பின்சக்கரத்தில் பட்டால் வண்டி சறுக்கிவிடும். அப்புறம், புது வளையத்தில் துளி ஆயில் தடவிக் கையால் மட்டும் இறுக்குங்கள்.