ஒட்டகத்துக்குச் சினைக்கான ஹார்மோன் ஊசி போடும் முன்

கேள்வி: என் பெண் ஒட்டகம் ஒரு முறை ஈன்றது. இந்தக் குளிர்காலத்தில் இரண்டு முறை ஆணோடு சேர்த்தும் சினை பிடிக்கவில்லை. மாட்டுக்குப் போடுவதுபோல ஹார்மோன் ஊசி போடலாமா?

பதில்: ஊசி போடலாம், ஆனால் மாட்டுக்குப் போடும் கணக்கு ஒட்டகத்துக்குப் பொருந்தாது. மாடு பருவத்துக்கு வந்தால் முட்டை தானாக வெளிப்படும். ஒட்டகத்திலோ இணை சேர்ந்த பிறகுதான் வெளிப்படும். ஆணின் விந்துநீரில் உள்ள ஒரு புரதம் அதைத் தூண்டுகிறது. சேராவிட்டால் சூலகத்தில் முட்டைப்பை வளர்ந்து, சில நாள் நின்று, சுருங்கிவிடும்.

அதனால் மாட்டைப் பருவத்துக்குக் கொண்டுவரும் புரோஸ்டாகிளாண்டின் ஊசிக்கு இங்கே பெரும்பாலும் வேலையே இல்லை. இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒட்டகத்தின் சினையை 13 மாதமும் தாங்குவது, முட்டை வெளிப்பட்ட இடத்தில் சூலகத்தில் உருவாகும் மஞ்சள் திரள்தான். இந்த ஊசி அதைக் கரைத்துவிடும். சினை இருப்பது தெரியாமல் போட்டால் எந்த மாதமானாலும் கரு கலையும். தயவுசெய்து யார் சொன்னாலும் சோதிக்காமல் போடாதீர்கள்.

உங்களுக்கு உதவக்கூடியது, முட்டையை வெளிப்படத் தூண்டும் ஜிஎன்ஆர்ஹெச் என்ற ஹார்மோன் வகை ஊசி. அந்த வகை மருந்தான பியூசரலின் 20 மைக்ரோகிராம் என்பது வழக்கமான அளவு. ஆனால் முட்டைப்பை சரியான பருமனில் இருக்கும்போது போட்டால்தான் பலன். கால்நடை மருத்துவர் ஸ்கேனில் அளந்து, சுமார் 1.2 முதல் 1.8 சென்டிமீட்டர் வரை இருந்தால் அன்றே ஆணோடு சேர்த்து ஊசியும் போடுவார். ஏறக்குறைய ஒன்றரை நாளில் முட்டை வெளிப்படும். சிறிதாக இருந்தால் காத்திருங்கள். அளவு மீறிப் பெருத்துவிட்டால் ஊசி போட்டும் வெடிக்காது. நாள் கணக்கை மட்டும் நம்பிச் சேர்த்தவர்களுக்குத் தவறுவது பெரும்பாலும் இங்கேதான்.

பிஎம்எஸ்ஜி என்ற ஹார்மோன் ஊசி வேண்டாம், அது பல முட்டைகளை வளர்க்கும், ஒரு ஒட்டகத்தின் கருவை எடுத்து வேறு ஒட்டகத்தில் வைக்கும் கரு மாற்றத்துக்குத்தான் சரி. கருப்பையில் சீழ் இருந்தாலும், உடம்பு மெலிந்திருந்தாலும் எந்த ஊசியும் கைகொடுக்காது. அதே ஆணோடு சேர்ந்த மற்ற ஒட்டகங்கள் சினையா என்றும் பாருங்கள்.

சேர்த்து 15 நாள் ஆனதும் ஆணை அருகில் கொண்டுபோங்கள். பெண் விறைப்பாக நின்று வாலை மேலே சுருட்டித் தூக்கினால் சினைக்கு நல்ல அறிகுறி. மூன்று வாரத்துக்குப் பிறகு ஸ்கேன் எடுத்து உறுதி செய்யுங்கள். அப்புறம் இரண்டு மாதத்தில் மறுபடியும் ஒரு தடவை பாருங்கள். ஒட்டகத்தில் தொடக்கத்திலேயே கரு தங்காமல் போவது உண்டு.