கேளுங்க சொல்றோம்: மாடியில சோலார் போடலாமா?

கேள்வி: ரெண்டு மாசத்துக்கு 640 யூனிட் ஓடுது, பில் 3,400 கிட்ட வருது. பையன் 3 கிலோவாட் சோலார் போடுவோம்னு ஒத்தக்கால்ல நிக்கறான். வீட்டுக்காரரோ, அந்தக் காச பேங்க்ல போட்டா வட்டியாவது வரும்ங்கறார். யார் சொல்றது சரி? (வாசகி, மதுரை)

பதில்: கணக்கு பையன் பக்கம்தான்க்கா. ஆனா 3 கிலோவாட் வேணாம், 2 போதும். நம்மூரு வெயிலுக்கு 1 கிலோவாட் நாளைக்கு சுமாரா 4 யூனிட் தரும், அப்ப 2 கிலோவாட்னா ரெண்டு மாசத்துக்கு 480, அது உங்க பில்லுல மேலருந்துதான் கழியும், அதாவது 500 தாண்டுனதும் வர்ற அந்த வெல கூடுன யூனிட்டுங்கதான் மொதல்ல காணாமப் போகும், மிச்சம் 160ல 100 எப்பவும்போல ஃப்ரீ. அடைமழைல இவ்ளோ வராது, அதையும் சொல்லிடறேன். கொட்டேஷன் ஒன்றரை லட்சம்னு வச்சுக்கங்க, மத்திய அரசோட சூர்யா கர் திட்டத்துல 60,000 மானியம் போக உங்க கைக்காசு 90,000. பேங்க்ல 7 பர்சன்ட்னா வருஷத்துக்கு 6,300 வட்டி, இங்க பில்லுல மட்டும் 16,000, 17,000 மிச்சமாகும். பேங்க்ல அசல் அப்படியே இருக்கும், இதுல போட்ட காசு திரும்ப அஞ்சாறு வருஷம் ஆகும், உங்க வீட்டுக்காரர் சொல்றதுலயும் அவ்ளோ நியாயம் இருக்கு. ஆனா பேனலுக்கு 25 வருஷ வாரண்டி குடுக்கறாங்களே! ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க, முழுக்காசும் மொதல்ல நீங்கதான் கட்டணும், மீட்டர் மாத்தி ஓட ஆரம்பிச்சப்புறம்தான் மானியம் அக்கவுண்ட்ல விழும். பாதி வீட்ல பேச்சு நின்னு போறதே இந்த எடத்துலதான்.

கேள்வி: எங்களுக்கு 260 யூனிட்தான் ஆகுது. சுற்றுச்சூழலுக்காக சோலார் போடலாமான்னு ஒரு ஆசை. (வாசகர், தாம்பரம்)

பதில்: ஆசை நல்லதுதான் சார், ஆனா 100 யூனிட் ஃப்ரீ போக உங்க பில்லே சில நூறுதான், போட்ட காசு லேசுல திரும்பாது. அதுக்குப் பதிலா ஃபேன மாத்துங்க. பழைய சீலிங் ஃபேன் 75 வாட்ஸ், கரண்ட் கம்மியா இழுக்கற பிஎல்டிசி ஃபேன் 30 சொச்சம்தான், நாலு ஃபேன் நாளைக்கு 12 மணி நேரம் ஓடுனா ரெண்டு மாசத்துல 100 யூனிட்டுக்கு மேல கொறையும். எங்க வீட்ல மாத்துனது ரெண்டுதான், மூணாவதுக்கு இன்னும் பட்ஜெட் சாங்ஷன் ஆகல.

கேள்வி: சோலார் இருந்தா கரண்ட் கட்டே இருக்காதாமே?

பதில்: பேட்டரி இல்லாம, தெரு கரண்ட் லைனோட சேந்து ஓடற ஆன்கிரிட் சோலார்னா தெருவுல கரண்ட் போனதும் உங்க சோலாரும் நின்னுடும். நிக்கலேன்னா கம்பத்துல ஏறி வேல பாக்கற லைன்மேன் மேல உங்க கரண்ட் பாஞ்சிடும்ல!

கேள்வி: பேனல் வந்தா வத்தல் வடகம் எங்க காயப்போடறதுன்னு மாமியார் கேக்கறாங்க.

பதில்: நியாயமான கேள்வி! 1 கிலோவாட்டுக்கு 100 சதுர அடி போயிடும். பேனல் தெக்கப் பாத்து சாஞ்சு நிக்கும், நெழல் பெரும்பாலும் வடக்கதான் விழும், அதனால தெக்கு ஓரமா ஒரு பாய் விரிக்கற எடம் விட்டுட்டு மாட்டச் சொல்லுங்க.